பனி மலையில் ஒரு பேட்டரிப் பிரயாணம்

"நார்வேக்கா? அதுவும் தை மாசத்திலயா? உங்களுக்கு வீசிங் வேற இருக்கே அக்கா!" என்று எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மகன் ஒரு படி மேலே போனான். "அத்தை, உங்க பொண்ணு வெச்சிருக்கிறது கரண்ட் கார். அந்தக் குளிர்ல பாதி வழியில நின்னுடும். நீங்க இறங்கித் தள்ளணும், பாத்துக்குங்க!"

தஞ்சாவூரில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு மனசின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். 2025 ஜனவரி கடைசியில் ஆஸ்லோ போய் இறங்கியபோது வெளியே மைனஸ் 9 டிகிரி. மகள் என்னைப் போர்வைபோல் ஒரு கோட்டில் சுற்றி, காருக்குள் உட்கார வைத்தாள். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. இருக்கை கூடச் சூடு! "இதுவா நின்னுபோற கார்?" என்று கேட்டேன். "நிக்காதும்மா. ஆனா கணக்குப் பாத்து ஓட்டணும். நம்ம வீட்டு மாசக் கடைசி மாதிரி" என்று சிரித்தாள்.

அந்தக் கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன், சகோதரிகளே. அதில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் தப்பாகப் போயிற்று. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெயும் பேட்டரியும்

மகள் வீட்டுக் காரின் பேட்டரி 60 யூனிட் பிடிக்கும். கரண்ட் பில் பார்க்கிற நமக்கு யூனிட் என்றால் புரியுமே, அதே யூனிட்தான். முழுசாக நிரப்பினால் 420 கிலோமீட்டர் ஓடும் என்று விற்கும்போது சொன்னார்களாம். கோடையில் ஓரளவு அப்படித்தான் ஓடுகிறது. பனிக்காலத்தில் 250 வந்தாலே பெரிசு. "மீதி எங்கடி போச்சு? யாராவது திருடறாங்களா?" என்றேன்.

"மார்கழியில தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போகுமில்ல? பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கும், கவுத்தா சொட்டு விழாது. அது மாதிரிதாம்மா. குளிர்ல பேட்டரிக்குள்ள ரசாயன வேலை மந்தமாயிடும். கரண்ட் உள்ளேயே இருக்கும், முழுசா வெளியே வராது. சூடு பட்டா மறுபடி வரும்" என்றாள்.

அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. பெட்ரோல் வண்டி எரிக்கிற எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் சூடாகவே வீணாகிறது. அந்த வீண் சூட்டைத்தான் குளிர் தேசத்தில் உள்ளே திருப்பிவிட்டு சுகமாகப் போகிறார்கள். மின்சார மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. விறகு அடுப்பு எரிந்தால் சமையலறை முழுக்கக் கதகதப்பாக இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் மட்டும் சுடும், சமையலறை சில்லென்றே இருக்கும். இது அந்தக் கதைதான்! ஆகவே காருக்குள் சூடு வேண்டுமானால் ஓட்டத்துக்கு வைத்திருக்கும் யூனிட்டில் இருந்தே எடுத்தாக வேண்டும். புது மாடல்களில் ஹீட் பம்ப் என்று ஒன்று உண்டு. ஃபிரிட்ஜைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் உள்ள கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து உள்ளே தரும், செலவு குறையும். மகளுடைய பழைய மாடலில் அது கிடையாது.

இன்னும் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. பிளஸ் 20 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 20-ல் காற்று சுமார் 15 சதவீதம் அடர்த்தி கூடிவிடும். அதைக் கிழித்துக்கொண்டு போகவும், பனி படிந்த ரோட்டில் சக்கரம் உருளவும் கூடுதல் சக்தி வேண்டும். நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கம் 2020-ல் 20 மின்சாரக் கார்களைப் பனிக்காலத்தில் ஓட்டிப் பார்த்தபோது, சொன்ன தூரத்தில் சராசரியாக 18 சதவீதத்துக்குமேல் குறைந்ததாம். குளிர் கடுமையாகி, மலையும் ஏறினால் இன்னும் குறையும்.

இத்தனை தொல்லை இருந்தும் 2024-ல் அந்த நாட்டில் விற்ற புதுக் கார்களில் 100-க்கு ஏறக்குறைய 89 மின்சாரக் கார்தான். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1989-ல் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஃப்ரெடரிக் ஹௌகேயும், 'ஆ-ஹா' இசைக்குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட ஒரு சின்ன ஃபியட் பாண்டா காரைக் கொண்டுவந்து, சுங்கம் கட்ட மாட்டோம் என்று அடம்பிடித்து ஓட்டினார்கள். அபராதம் மேல் அபராதம்! கடைசியில் 1997-ல் மின்சாரக் கார்களுக்குச் சுங்கவிலக்கே கிடைத்தது. அப்புறம் வரிச் சலுகைகளும் வந்தன. இப்போது பல சலுகைகள் குறைந்துவிட்டாலும் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. அவர்கள் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலை அருவியும் ஆறும் தருவது.

வீட்டில் நடக்கும் சிக்கனம்

முதல் இரண்டு வாரம் வீட்டோடு இருந்தேன். தினமும் காலையில் மகள் காபி போடும்போதே போனில் ஏதோ தட்டுவாள். வெளியே நிற்கும் கார் தானாகச் சூடாகும். சார்ஜர் செருகியபடியே இருப்பதால் அந்தச் சூட்டுக்கு வீட்டுக் கரண்ட்தான் செலவு, பேட்டரியில் கை வைக்காது. பேத்திக்கு ஷூ மாட்டி முடிப்பதற்குள் கண்ணாடியில் இருந்த பனி உருகிவிடும். இது முதல் சிக்கனம்.

இரண்டாவது, கடைக்குத் தனியாக, பள்ளிக்குத் தனியாக என்று போகமாட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆறிப்போன வண்டியைப் புதுசாகச் சூடாக்க வேண்டுமல்லவா? ஆறின சாம்பாரை நாலு தடவை சுட வைப்பதற்கு, நாலு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பரிமாறினால் கேஸ் மிச்சம். அதே யுக்திதான்.

மூன்றாவது, துணிமணி. "மோசமான வானிலைன்னு ஒண்ணு கிடையாது, மோசமான துணிதான் உண்டு" என்பது அந்த ஊர்ப் பழமொழி. உடம்போடு ஒட்டின மாதிரி ஒரு கம்பளி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும்மேல் காற்றுப் புகாத கோட். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து ஈரமாகி உடம்பைச் சில்லிடவைத்துவிடுமாம். நான் ஆசையாகக் கொண்டுபோன பருத்தி பனியன்கள் அத்தனையும் பெட்டியிலேயே தூங்கின.

லில்லஹாமர் தாண்டி...

மாப்பிள்ளை ஆறு மாத வேலையாக ட்ரொன்ட்ஹைம் நகரில் இருந்தார். ஆஸ்லோவில் இருந்து வடக்கே 500 கிலோமீட்டர். பிப்ரவரியில் பேத்திக்குப் பள்ளி விடுமுறை வர, அப்பாவைப் பார்க்கக் கிளம்பினோம். மகள் ஓட்ட, நான் முன்னால், பேத்தி பின்னால். பிளாஸ்க்கில் காபி, டப்பாவில் எலுமிச்சம் சாதம், போர்வை, மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று கேட்டதற்கு, "பனியைத் தோண்டத்தாம்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

காலை எட்டு மணிக்கு 100 சதவீதத்தோடு புறப்பட்டோம். வழியில் மியோசா ஏரி. நார்வேயிலேயே பெரியது. கரையோரம் வெள்ளைச் சலவை விரித்தாற்போல் உறைந்து கிடந்தது. 1994-ல் பனிக்கால ஒலிம்பிக் நடந்த லில்லஹாமர் போய்ச் சேர்ந்தபோது மீதி 27. அங்கே சார்ஜ் செருகிவிட்டு, சாப்பிட்டு, பேத்தியைப் பாத்ரூமுக்கு அழைத்துப்போய் வருவதற்குள் 80 ஆகிவிட்டது. "அவ்வளவுதானா!" என்று எனக்குப் பயமே போய்விட்டது.

அதற்கப்பால் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, சரிவில் கறுத்த மரவீடுகள். போகப்போக வெளியே காட்டும் டிகிரி இறங்கிக்கொண்டே வந்தது. மைனஸ் 14, 17, 21. மகள் பேச்சைக் குறைத்தாள். திரையில் "டொம்போஸ் சேரும்போது மீதி 7 சதவீதம்" என்று காட்டியது. நடுவில் ஓட்டா என்ற சின்ன ஊரில் சார்ஜ் இடம் உண்டு. ஆனால், "இருட்டறதுக்குள்ள மலை ஏறணும். ஒரே மூச்சா டொம்போஸ் போயிடலாம்" என்றாள்.

அப்போதுதான் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏற்றத்தில் ஒரு பெரிய லாரி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டதாம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்... 7 என்பது 6 ஆயிற்று. மகள் கை நீட்டி ஹீட்டரை அணைத்தாள். "சீட் சூடு இருக்கும்மா. அது ரொம்பக் கம்மியாத்தான் இழுக்கும். கொஞ்சம் பொறுத்துக்கறியா?" என்றாள். "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

பொய்! கால் மணியில் கண்ணாடியின் உட்புறம் பனிப்பூ பூக்க ஆரம்பித்தது. முதுகு சுட்டது, நெஞ்சுக்குள் போன காற்று கத்தி மாதிரி இருந்தது. வீசிங் உள்ளவர்களுக்குத் தெரியும், குளிர்ந்த வறண்ட காற்று பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கும். இன்ஹேலர் எங்கே? பின்னால் டிக்கியில், பெட்டிக்குள்! கேட்டால் மகள் அந்தக் குளிரில் இறங்க வேண்டும், கதவைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும், அவளுக்கு இருக்கிற கவலை போதாதா என்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷப் பழக்கம் இது. குழம்பு தீர்ந்துபோனால் "எனக்கு மோரே போதும்" என்று சொல்லி எழுந்திருக்கிற பழக்கம். நம்மில் எத்தனை பேருக்கு இல்லை, சொல்லுங்கள்?

பின்னாலிருந்து பேத்தி கேட்டாள். "பாட்டி, உன் மூச்சு ஏன் விசில் அடிக்குது?"

மகள் திரும்பிப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள். அடுத்த விநாடி ஹீட்டர் முழுசாக ஓடியது. இறங்கி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து இன்ஹேலரோடு வந்தாள். அழுத்தினால் மருந்து சரியாகச் சீறவில்லை. அதுவும் உறைந்திருந்தது! மைனஸ் 21-ல் டிக்கியில் கிடந்தால் என்ன ஆகும்? அதைத் தன் ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சில நிமிஷம் கழித்து எடுத்து, குலுக்கிக் கொடுத்தாள். இரண்டு தடவை இழுத்ததும் நெஞ்சு மெல்ல இளகியது.

"சொல்ல மாட்டியாம்மா? ஏம்மா சொல்லல?" என்று கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நிற்கிற வண்டியில் இந்த ஹீட்டர் மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட் இழுக்கிறது. நம் வீட்டு கீஸர் மாதிரி. அரைமணிக்கு 1 யூனிட். பேட்டரியில் அப்போது 26 யூனிட் இருந்தது. நகராமல் நின்றாலும் பத்து மணி நேரத்துக்குமேல் சூடாக உட்கார்ந்திருக்கலாம்! "வெறும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்தை மிச்சம் பண்ண உன் உயிரை வாங்கப் பாத்தேனே" என்றாள். ஓடும் வண்டிக்கு ஒரு கணக்கு, நிற்கும் வண்டிக்கு ஒரு கணக்கு. ஐந்து பனிக்காலம் ஓட்டினவள்தான். பயத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டாள். நானும் வாயைத் திறக்காமல் அந்தத் தப்புக்குத் துணைபோனேன்.

ஓட்டாவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா

நாற்பது நிமிஷத்தில் வழி திறந்தது. டொம்போஸ் ஆசையை விட்டுவிட்டு ஓட்டாவிலேயே நிறுத்தினாள். மீதி 32. குளிர்ந்துபோன பேட்டரி சார்ஜையும் மெல்லத்தான் வாங்கும். வேகமாகத் திணித்தால் பேட்டரிக்குக் கெடுதல் என்று வண்டியே தடுத்துவிடுகிறது. ஒரு மணிக்குமேல் ஆகும் என்று தெரிந்ததும் பக்கத்துக் காபிக்கடைக்குள் போனோம்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எங்கள் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தார். "தமிழே? என்னம்மா, மூச்சு இழுக்குதோ? இஞ்ச வாங்கோ, கதவுக்குக் கிட்ட இருக்காதேங்கோ" என்று உள்பக்கம் அழைத்துப்போய் உட்காரவைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களில் நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மாகாணத்துக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவராம். அந்த நாளில் அங்கே வந்த இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர். அவரும் கரண்ட் கார்தான் ஓட்டுகிறார்.

"பயப்பிடாதேங்கோ. நான் எப்பவும் இருபதுக்குக் கீழ விடுறேல்ல. மலைக்கு முன்னால கடைசி ஊர் எதுவோ, அங்க நிரப்பிப் போடுவன். நேரம் போனால் போகட்டும்" என்றார். எனக்கும் ஒரு யோசனை சொன்னார். "மருந்தைக் கைப்பையில வைக்காதேங்கோ, உள்சட்டைப் பொக்கற்றில வையுங்கோ. வெளியில இறங்கேக்க சால்வையால மூக்கையும் வாயையும் மூடுங்கோ. உங்கட மூச்சுச் சூடே உங்களுக்குக் காவல்." பெற்ற மகளுக்குச் சொல்கிற மாதிரி என் மகளுக்கும் சொல்லிவிட்டு, பேத்தி கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்துவிட்டுப் போனார். ஊர் பேர் தெரியாத இடத்தில் தமிழ் கேட்டால் பாதி வியாதி குணமாகிவிடுகிறது!

சத்திரங்கள் இருந்த மலை

டொம்போஸ் சேரும்போது மாலை நாலு. டோவ்ரே மலைமேல் பனிக்காற்று. வண்டிகளைத் தனித்தனியாக விடமாட்டார்களாம். பனி தள்ளும் வண்டி முன்னே போக, அதன் பின்னால் வரிசையாகத்தான் அனுப்புவார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மகள் இந்தத் தடவை தயங்கவில்லை. நேரே போய் சார்ஜைச் செருகினாள். காத்திருந்த நேரம் பேட்டரி நிறைகிற நேரமாயிற்று. உள்ளே ஹீட்டர் தாராளமாக ஓடியது. எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தோம்.

அந்த மலைப்பாதை பழங்காலத்திலேயே உண்டு. ட்ரொன்ட்ஹைமில் உள்ள நிடாரோஸ் தேவாலயத்துக்கு யாத்திரை போகிறவர்கள் இந்த வழியாகத்தான் நடந்து போனார்களாம். பனியில் செத்துப்போகாமல் இருக்க, 12-ஆம் நூற்றாண்டில் ஐஸ்டைன் என்ற மன்னன் மலைமேல் தங்கும் குடில்கள் கட்டிவைத்தான் என்று சொல்கிறார்கள். நம் ராஜபாட்டைகளில் ராணி மங்கம்மாள் சத்திரம் கட்டினாளே, அதுபோல! சத்திரம் இருந்த அதே வழியில் இன்று சார்ஜ் கம்பங்கள் நிற்கின்றன. வழிப்போக்கனுக்குச் சூடும் தெம்பும் கொடுத்து அனுப்புகிற வேலைதானே இரண்டும்?

ஐந்தரை மணிக்கு வரிசை நகர்ந்தது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. யெர்க்கின் என்ற இடத்தில் ரோடு 1,026 மீட்டர் உயரம் தொடுகிறது. அதைத் தாண்டி இறக்கம். இறக்கத்தில் பிரேக்குக்குப் பதிலாக மோட்டாரே பிடித்து நிறுத்துவதால் கரண்ட் திரும்பப் பேட்டரிக்குள் போகிறது. ஒரு நீண்ட சரிவில் 55 என்று இருந்த எண் 56 ஆனதைப் பார்த்துப் பேத்தி கைதட்டினாள். ஒப்டாலில் ஒரு கால் மணி நிறுத்தி, இரவு ஒன்பதுக்கு ட்ரொன்ட்ஹைம் சேர்ந்தோம். ஏழு மணி நேர வழிக்கு எங்களுக்கு பதின்மூன்று மணி ஆயிற்று. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எப்படி இருந்தது அத்தை பிரயாணம்?" என்றார். நான் சொல்வதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள். "அப்பா, பாட்டி பொய் சொன்னாங்க!"

திரும்பி வரும்போது நான் பொய் சொல்லவில்லை. இன்ஹேலர் ரவிக்கைக்குள், கம்பளி பனியனை ஒட்டி இருந்தது. இரண்டு இடத்தில், "சளி கட்டற மாதிரி இருக்கு, ஹீட்டரை ஏத்து" என்று நானே சொன்னேன். அவளும் கேள்வி கேட்காமல் ஏற்றினாள். ஓட்டாவில் நிறுத்தினோம். அந்த யாழ்ப்பாணத்து அம்மாவைத் தேடினேன், காணவில்லை.

பனி தேசத்தில் இருக்கிற மகன், மகள் வீட்டுக்குக் கிளம்புகிற அம்மாக்களே! கம்பளி பனியன் இரண்டு அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கிளம்புமுன் டாக்டரைப் பார்த்து, மருந்தைக் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். பெட்டியில் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கார் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட அதற்கு ஒரு திரை இருக்கிறது. நமக்குத்தான் அது இல்லை. முடியவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

எதிர்வீட்டுப் பையன், "என்ன அத்தை, தள்ளினீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா. கார் நிக்கவே இல்ல. நான்தான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் அம்மாவுக்குப் புரிந்தது.